'மொதல்ல இங்கிலீஷ்': ஒரு காத்திருப்பு அறையின் வரலாறு

1

வயதுவந்த பிறகு ஆங்கிலம் கற்றுக்கொள்ள உட்காருகிறவர் எதற்காக உட்காருகிறார்? அமெரிக்க அரசும் ஆலைகளும் இந்தக் கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பதில் தயாராக வைத்திருக்கின்றன: வேலைக்காக, குடியுரிமைக்காக, கடையில் சாமான் வாங்குவதற்காக. கல்லூரிக்குப் போவதற்காக என்ற பதில் அந்தப் பட்டியலில் வெகுகாலம் இல்லை. இன்றைக்கும் அது பட்டியலின் அடியில்தான் இருக்கிறது.

வாஷிங்டன் மாநிலத்துச் சமூகக் கல்லூரிகளின் பதிவேடுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2005இல் வெளிவந்தது. ஆங்கிலம் கற்கும் வகுப்பில் தொடங்கிய வயதுவந்தோர் ஐந்தாண்டுகளுக்குள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று அது பின்தொடர்ந்து பார்த்தது. நூற்றில் 13 பேர்தான் கல்லூரிப் பாடத்தில் கொஞ்சமாவது தேறினார்கள். ஓராண்டுப் படிப்பை முடித்தவர்கள், அல்லது ஏதாவது ஒரு சான்றிதழோ பட்டமோ கையில் வாங்கியவர்கள் நூற்றுக்கு நான்கிலிருந்து ஆறு பேர். இவர்கள் படித்த ஆங்கில வகுப்பு பெரும்பாலும் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே நடப்பது. ஒரு தாழ்வாரத்தைத் தாண்ட ஐந்தாண்டு போதவில்லை என்றால் அது வெறும் மொழிப் பிரச்சினை அல்ல.

தமிழ்வழியில் பள்ளியை முடித்துவிட்டு ஆங்கிலவழிக் கல்லூரிக்குள் நுழைந்தவன் நான். அந்த முதல் ஆண்டின் மௌனம் நம்மில் பலருக்குத் தெரியும். அமெரிக்கக் கதையை நான் படிப்பது அந்த மௌனத்தோடுதான். எனினும் இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல. 'மொதல்ல இங்கிலீஷ கத்துக்கிட்டு வா, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்' என்று ஒரு சமூகம் தன் உழைப்பாளிகளிடம் சொல்லும்போது, அந்த 'மொதல்ல'வுக்கும் 'அப்புறம்'த்துக்கும் இடையில் கட்டப்படுகிற சுவரின் வரலாறு இது. என் வாதம் எளிமையானது. வயதுவந்தோரின் ஆங்கில வகுப்புக்கும் கல்லூரிக்கும் இடையிலிருப்பது மொழித்திறனின் இடைவெளி மட்டுமல்ல. அது காலத்தை வரிசைப்படுத்துகிற ஓர் அதிகாரத்தின் வேலை. அந்த வரிசையைக் குலைத்த இடங்களில்தான் ஆட்கள் உள்ளே போக முடிந்திருக்கிறது.

தீபேஷ் சக்கரவர்த்தி 2000இல் வெளிவந்த தன் நூலில், காலனிய ஐரோப்பா பிறரிடம் 'இன்னும் இல்லை' என்று சொல்லிச் சொல்லி அவர்களை வரலாற்றின் காத்திருப்பு அறையில் உட்கார வைத்ததைப் பற்றி எழுதினார். வயதுவந்தோருக்கான ஆங்கில வகுப்பு அப்படியான ஓர் அறைதான். இங்கே நாற்காலி, கரும்பலகை, வருகைப் பதிவேடு எல்லாம் உண்டு. உள்ளே கூப்பிடுகிற மணி மட்டும் அடிப்பதில்லை.

2

இந்த அறையின் பழைய வடிவத்தை டெட்ராய்ட் அருகே ஹைலண்ட் பார்க்கில் பார்க்கலாம். ஃபோர்ட் கார் ஆலை 1914இல் தன் தொழிலாளர்களுக்கு ஆங்கிலப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. அதே ஆண்டு ஜனவரியில்தான் நாளொன்றுக்கு ஐந்து டாலர் என்ற பேர்பெற்ற கூலித் திட்டம் அறிவிக்கப்பட்டிருந்தது. அந்தக் கூலி சும்மா கிடைக்கவில்லை. தொழிலாளி எப்படிக் குடும்பம் நடத்துகிறார், குடிக்கிறாரா, வீடு சுத்தமாக இருக்கிறதா என்றெல்லாம் வீடுவீடாகப் போய்ப் பார்க்க ஒரு துறையே இருந்தது. ஆங்கிலம் தெரியாதவர் ஆங்கிலப் பள்ளிக்கு வந்தாக வேண்டும். பாடங்கள் காலையில் எழுவது, குளிப்பது, மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது, ஆலையில் ஆபத்தைத் தவிர்ப்பது என்று போயின. மொழி கற்பது என்பது உடலையும் நேரத்தையும் ஒழுங்குபடுத்துவதாக இருந்தது.

பள்ளி முடிந்ததும் நடந்த பட்டமளிப்பு நாடகம் பிரசித்தம். மேடையில் பிரம்மாண்டமான ஓர் அண்டா. பின்னால் கப்பலின் தோற்றம். தொழிலாளர்கள் தத்தம் நாட்டு உடையில் மூட்டை முடிச்சோடு கப்பலிலிருந்து இறங்கி அண்டாவுக்குள் போவார்கள். மறுபக்கம் அமெரிக்கக் கோட்டும் கையில் கொடியுமாக வெளியே வருவார்கள். ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படாது. ஆனால் நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. அண்டாவிலிருந்து வெளியே வந்தவர் திரும்பவும் போனது அதே இயந்திரத்துக்குத்தான். சான்றிதழ் அவரை வேறு எந்தக் கதவுக்கும் கொண்டு போகவில்லை.

அரசின் பார்வையும் இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. 1906ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ஆங்கிலம் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்று விதித்தது. 1950இல் படிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும் என்பதும் சேர்ந்தது. நியூயார்க் மாநிலம் 1921இல் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, புதிய வாக்காளர்களுக்கு ஆங்கில எழுத்தறிவைக் கட்டாயமாக்கியது. ஆங்கிலம் இங்கே அறிவுக்கான வழி என்பதைவிட, சந்தேகத்துக்குரியவரைச் சோதிக்கிற கருவியாகவே இருந்தது.

மாற்றுப் பாதை ஒன்றும் இருந்தது. அதை வரலாறு அதிகம் பேசுவதில்லை. நியூயார்க்கில் சர்வதேசப் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கம், ஃபானியா கோன் போன்றவர்களின் முயற்சியால், 1910களின் பிற்பகுதியில் நகரப் பள்ளிக் கட்டடங்களில் 'ஒற்றுமை மையங்கள்' என்ற பெயரில் மாலை வகுப்புகளை நடத்தியது. அங்கே ஆங்கிலம் தனியாக வரவில்லை. பொருளாதாரம், தொழிற்சங்க வரலாறு, இலக்கியம், உடல்நலம் எல்லாவற்றோடும் சேர்ந்து வந்தது. வாஷிங்டன் இர்விங் உயர்நிலைப் பள்ளியில் 1918இல் 'தொழிலாளர் பல்கலைக்கழகம்' என்று ஒன்றையும் சங்கம் தொடங்கியது. பகலெல்லாம் தையல் இயந்திரத்தில் குனிந்திருந்த பெண்கள் இரவில் வந்து உட்கார்ந்தார்கள். கூலி என்றால் என்ன என்று விவாதிக்கிறபோதே ஆங்கிலத்தையும் கற்றார்கள். முதலில் மொழி, பிறகு சிந்தனை என்ற வரிசை இங்கே இல்லை. ஆனால் இந்தப் 'பல்கலைக்கழகம்' பட்டம் வழங்குகிற நிறுவனம் அல்ல. உண்மையான பல்கலைக்கழகத்தின் கதவு அப்போதும் வேறு இடத்தில்தான் இருந்தது.

அந்தக் கதவு நியூயார்க்கில் ஏழைகளுக்கு முற்றிலும் மூடியிருந்தது என்று சொல்ல முடியாது. 1847இல் 'இலவசக் கலைக்கழகம்' என்று நிறுவப்பட்ட நகரக் கல்லூரி, சிட்டி காலேஜ், கட்டணம் வாங்காமல் படிப்பித்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதத் தொழிலாளர்களின் பிள்ளைகள் அங்கே படித்துப் பெரிய ஆளானார்கள். 'ஏழைகளின் ஹார்வர்டு' என்று அதற்குப் பட்டப்பெயரும் வந்தது. ஆனால் பிள்ளைகளுக்குக் கல்லூரி, பெற்றோருக்கு இரவுப் பள்ளி. ஒரு தலைமுறை தன்னை உரமாக்கிக்கொண்டால் அடுத்த தலைமுறை படிக்கும் என்ற இந்த ஏற்பாட்டை எல்லோரும் இயற்கை விதி மாதிரி ஏற்றுக்கொண்டார்கள். 'அப்புறம்' என்ற சொல் ஒரு முழு ஆயுளின் நீளத்துக்கு இழுக்கப்பட்டது.

3

இந்த ஏற்பாட்டை உடைத்தவர்களில் ப்யூர்டோ ரிக்கோ மக்களுக்குத் தனி இடம் உண்டு. அவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அல்ல. 1898இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா பிடித்த தீவு அது. 1917இல் அம்மக்கள் அமெரிக்கக் குடிமக்கள் ஆக்கப்பட்டார்கள். பள்ளிகளில் ஆங்கிலத்தைத் திணிக்கும் முயற்சி அரை நூற்றாண்டு நடந்து தோற்றது. 1949இல் ஸ்பானிஷ் திரும்பவும் பயிற்றுமொழி ஆனது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் லட்சக்கணக்கானவர்கள் நியூயார்க்குக்கு வந்து ஆலைகளிலும் ஓட்டல்களிலும் மருத்துவமனைகளிலும் வேலை செய்தார்கள். குடிமக்கள்தான், ஆனால் ஓட்டுப் போடப் போனால் ஆங்கிலத் தேர்வு. 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவுதான் இதை முறித்தது. அமெரிக்கக் கொடியின் கீழ் வேறு மொழியில் ஆறாம் வகுப்பு முடித்தவருக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்று வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது அது. 1966இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஸ்பானிஷில் படித்ததும் படிப்புதான் என்று சட்டம் ஒப்புக்கொண்டது. கல்லூரி அதை ஒப்புக்கொள்ளப் போராட வேண்டியிருந்தது.

சிட்டி காலேஜ் ஹார்லெமின் மேட்டில் இருக்கிறது. சுற்றிலும் கறுப்பின மக்கள், ப்யூர்டோ ரிக்கோ மக்கள். உள்ளே பெரும்பாலும் வெள்ளை மாணவர்கள். 1960களின் நடுவில் 'சீக்' என்ற பெயரில் ஒரு சிறிய நுழைவுத் திட்டம் தொடங்கியிருந்தது. ஏழை வட்டாரங்களிலிருந்து மாணவர்களைச் சேர்த்து, கூடுதல் வகுப்பும் உதவித்தொகையும் தருவது அதன் வேலை. அட்ரியன் ரிச், ஆட்ரி லார்ட், ஜூன் ஜோர்டன், டோனி கேட் பம்பாரா ஆகியோர் அதில் எழுத்து கற்பித்தார்கள். நம் இதழ்களில் இவர்களைக் கவிஞர்களாகவும் பெண்ணியர்களாகவும் பேசிவிட்டு அந்த வகுப்பறையைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். அவர்களுடைய மொழிச் சிந்தனையில் அந்த வகுப்பறைக்கும் பங்கு உண்டு.

1969 ஏப்ரல் 22 அன்று கறுப்பின, ப்யூர்டோ ரிக்கோ மாணவர்கள் சிட்டி காலேஜின் தெற்கு வளாகத்தைக் கைப்பற்றி வாயிலைப் பூட்டினார்கள். 'ஹார்லெம் பல்கலைக்கழகம்' என்று பெயர் வைத்தார்கள். கோரிக்கைகள் ஐந்து. நகர உயர்நிலைப் பள்ளிகளில் தம் மக்கள் எந்த விகிதத்தில் இருக்கிறார்களோ அதே விகிதம் புதிய மாணவர் சேர்க்கையிலும் வேண்டும் என்பதுதான் பரவலாகப் பேசப்பட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது ஐந்தாவது கோரிக்கை: ஆசிரியப் பயிற்சி பெறும் எல்லோரும் கறுப்பின, ப்யூர்டோ ரிக்கோ வரலாற்றையும் ஸ்பானிஷ் மொழியையும் கட்டாயம் படிக்க வேண்டும். யார் யாருடைய மொழியைக் கற்க வேண்டும் என்ற கேள்வியை அது அப்படியே திருப்பிப் போட்டது. அதுவரை கற்க வேண்டிய கடன் ஒரு பக்கத்தில்தான் இருந்தது. 'நாங்க இங்கிலீஷ் கத்துக்கிறோம், சரி. எங்க பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரப்போற நீ எங்க பாஷையைக் கத்துக்கிட்டியா?' என்பதுதான் அதன் சாரம்.

அதன் விளைவாக வந்தது 'திறந்த சேர்க்கை'. 1975க்கு என்று திட்டமிட்டிருந்ததை ஐந்தாண்டு முன்னதாக, 1970 இலையுதிர் காலத்திலேயே, நகரப் பல்கலைக்கழகம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உயர்நிலைப் பள்ளி முடித்த எவருக்கும் அதன் ஏதாவதொரு கல்லூரியில் இடம் உறுதி. அந்த ஆண்டு சுமார் 35,000 பேர் முதலாண்டில் சேர்ந்தார்கள். முந்தைய ஆண்டைவிட முக்கால் பங்கு அதிகம். போராடியவர்கள் கறுப்பினத்தவரும் ப்யூர்டோ ரிக்கோகாரர்களும். கதவு திறந்ததும் பெருந்தொகையில் உள்ளே வந்தவர்களில் இத்தாலிய, ஐரிஷ் தொழிலாளிகளின் பிள்ளைகளும் அடங்குவர். விளிம்பில் இருப்பவர் உடைக்கும் சுவர் அவருக்கு மட்டும் உடைவதில்லை.

4

இனி இரண்டு அனுபவங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தெற்கு ப்ராங்ஸில் ஒரு பழைய டயர் ஆலைக் கட்டடத்தில் 1970 செப்டம்பரில் 623 மாணவர்களோடு வகுப்பு தொடங்கிய ஹோஸ்டோஸ் சமூகக் கல்லூரி. ப்யூர்டோ ரிக்கோவின் கல்வியாளரும் விடுதலைச் சிந்தனையாளருமான எவ்ஜெனியோ மரியா தே ஹோஸ்டோஸ் (1839-1903) பெயரைத் தாங்கியது. அங்கே வந்தவர்களில் பலர் பள்ளியிலிருந்து நேராக வந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அல்ல. பிள்ளை பெற்ற பெண்கள், வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள். கல்லூரி எடுத்த முடிவு இதுதான்: ஆங்கிலம் வரும்வரை உயிரியலும் கணக்கும் வரலாறும் காத்திருக்க வேண்டியதில்லை. பாடத்தை ஸ்பானிஷில் படி. பக்கத்திலேயே ஆங்கிலத்தைப் படிப்படியாகப் படி. ஆங்கிலம் ஏற ஏற, பாடங்களும் ஆங்கிலத்துக்கு மாறட்டும். செவிலியர், பல் சுகாதாரம், எக்ஸ்-ரே தொழில்நுட்பம் என்று வேலைக்கான படிப்புகளும் இருந்தன.

இதன் கோட்பாட்டு முக்கியத்துவத்தை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆங்கிலம் தெரியாத வயதுவந்தவரை ஒரு குழந்தையாக நடத்துவது வழக்கம். நாற்பது வயதுப் பெண்ணிடம் 'இது பேனா, அது மேசை' என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர் ஊரில் கணக்கெழுதியவராக இருக்கலாம், பிரசவம் பார்த்தவராக இருக்கலாம். அந்த அறிவு முழுவதும் வாசலில் செருப்போடு கழற்றி வைக்கப்படுகிறது. ஹோஸ்டோஸ் அதை உள்ளே எடுத்து வரச் சொன்னது. ஸ்பானிஷில் செல் பிரிவைப் புரிந்துகொண்டவருக்கு ஆங்கிலத்தில் அதற்கான சொல்லைத்தான் கற்க வேண்டும். விஷயத்தை மறுபடி ஆரம்பத்திலிருந்து கற்க வேண்டியதில்லை.

இரண்டாவது அனுபவம் மினா ஷானெஸியுடையது. சிட்டி காலேஜில் அடிப்படை எழுத்துப் பயிற்சியை நடத்தியவர். 1970க்கும் 1974க்கும் இடையில் நுழைவின்போது எழுதப்பட்ட சுமார் 4,000 கட்டுரைகளை உட்கார்ந்து படித்தார். மற்றவர்கள் சிவப்பு மையால் அடித்துப் போட்ட தாள்கள் அவை. அந்தப் பிழைகளில் ஒழுங்கு இருக்கிறது, காரணம் இருக்கிறது, எழுதுகிறவர் ஒரு விதியைத் தானே ஊகித்துப் பின்பற்றப் பார்க்கிறார் என்று காட்டினார். இவர்கள் அறிவு குறைந்தவர்கள் அல்ல, எழுத்துக்குப் புதியவர்கள். அவ்வளவுதான். 1977இல் அது நூலாக வந்தது. அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். பிழையை ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்று சொன்ன வகையில் அது அரசியல் நூல்.

அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். ஷாங்காயில் வளர்ந்து அமெரிக்காவில் எழுத்துக் கல்வியைப் பற்றி எழுதிய மின்-ஜான் லூ 1990களின் தொடக்கத்தில் ஷானெஸியை விமர்சித்தார். மொழி ஒரு வாகனம், கருத்து அதில் ஏறும் சரக்கு. வாகனத்தை மாற்றினாலும் சரக்கு அப்படியே வந்துவிடும் என்ற நம்பிக்கை ஷானெஸியிடம் இருக்கிறது. உண்மையில் கல்லூரியின் மொழிக்குள் நுழைகிறவர் தன் வீட்டையும் தெருவையும் பார்க்கிற பார்வையும் மாறிப் போகிறது. அந்த மோதலை மறைப்பது கற்பவருக்கு நல்லதல்ல, அதையே எழுத்தின் பொருளாக்க வேண்டும் என்றார் லூ. அவர் சொல்வது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் மோதுவதற்கும் முதலில் உள்ளே இருக்க வேண்டுமே. ஷானெஸி அதற்கு இடம் பிடித்துக் கொடுத்தார்.

இதே காலத்தில் வளாகத்துக்கு வெளியே, வயதுவந்தோரின் ஆங்கில வகுப்புகளில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை எல்சா ஆர்பக், டெனிஸ் பர்கஸ் இருவரும் 1985இல் எழுதிய கட்டுரையிலிருந்து அறியலாம். 'பிழைப்புக்கான ஆங்கிலம்' என்ற பெயரில் வந்த பாடநூல்களை அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். மேலாளர் சொல்வதைப் புரிந்துகொள்வது, மன்னிப்புக் கேட்பது, அனுமதி கேட்பது ஆகியவற்றுக்கு வாக்கியங்கள் தாராளமாக இருந்தன. கேள்வி கேட்பதற்கும் மறுப்பதற்கும் வாக்கியம் தேட வேண்டியிருந்தது. ஃபோர்டின் அண்டா பாடநூலாக மாறியிருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். கல்லூரி கேட்பதோ, குறைந்தபட்சம் கேட்பதாகச் சொல்லிக்கொள்வதோ, நேர் எதிரானது: வாதிடு, ஆதாரம் காட்டு, மறுத்துப் பேசு. ஓர் அறையில் கீழ்ப்படிவதற்கான ஆங்கிலத்தைக் கற்பித்துவிட்டு, அடுத்த அறையில் வாதிடத் தெரியவில்லை என்று தேர்வில் தோற்கடிப்பதை என்னவென்று சொல்வது?

5

கதவு திறந்ததும் சுங்கச்சாவடி வந்தது. நகரம் திவாலாகும் நிலைக்குப் போன 1976இல் பல்கலைக்கழகம் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. பிறகு, 129 ஆண்டு வழக்கம் முடிவுக்கு வந்து கட்டணம் விதிக்கப்பட்டது. பெரும்பாலும் வெள்ளையர் படித்த காலமெல்லாம் இலவசம். மற்றவர்கள் உள்ளே வந்த ஆறாவது ஆண்டில் கட்டணம். ஹோஸ்டோஸை வேறொரு கல்லூரியோடு இணைத்து இல்லாமல் ஆக்கும் திட்டமும் வந்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் வட்டார மக்களும் சேர்ந்து கல்லூரியைக் கைப்பற்றி உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம் ஹோஸ்டோஸைத் தனிக் கல்லூரியாகத் தொடர விட்டது.

1978இல் திறன் தேர்வுகள் வந்தன. எழுத்துத் தேர்வு 50 நிமிடம்: தரப்பட்ட தலைப்பில் ஒரு கட்டுரை. தேர்வு என்பது மேற்பார்வையும் தரப்படுத்தலும் ஒன்றாகும் சடங்கு என்று ஃபூக்கோ சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கடினம். இரண்டாவது மொழியில் எழுதுகிறவருக்கு நேரம்தான் முதல் எதிரி. அகராதியைப் பார்த்து, யோசித்து, திருத்தி எழுதுகிற வேலையை அது எழுத்து என்றே ஒப்புக்கொள்ளவில்லை.

1997 மே மாதம் இது உச்சத்துக்கு வந்தது. ஹோஸ்டோஸ் தன் மாணவர்களுக்கு வேறொரு தேர்வைப் பயன்படுத்தி வந்தது. பட்டமளிப்புக்குச் சில நாட்களே இருக்கும்போது, பொதுத் தேர்வில் தேறாதவர்களுக்குப் பட்டமில்லை என்று பல்கலைக்கழக அறங்காவலர் குழு முடிவெடுத்தது. அவசரமாகத் தேர்வு வைத்தபோது மிகப் பெரும்பாலோர் தேறவில்லை. மாணவர்கள் நீதிமன்றம் போனார்கள். 'இங்கிலீஷே தெரியாம டிகிரியா' என்று பத்திரிகைகள் கூச்சலிட்டன. அடுத்த இரண்டாண்டுகளில், 1998-99இல், நான்காண்டுக் கல்லூரிகளிலிருந்து அடிப்படைப் பயிற்சி வகுப்புகளை நீக்கும் முடிவு வந்தது. திறந்த சேர்க்கையின் காலம் அத்துடன் முடிந்தது எனலாம்.

இந்த இடத்தில் நம் தரப்பையும் கறாராகப் பார்க்க வேண்டும். ஹோஸ்டோஸ் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு முழுக்க வலதுசாரிகளின் புனைவு என்று ஒதுக்கிவிட முடியாது. செவிலியர் உரிமத் தேர்வு ஆங்கிலத்தில்தான். நான்காண்டுக் கல்லூரிக்கு மாறினால் அங்கே ஸ்பானிஷ் வகுப்பு இல்லை. தாய்மொழியின் மேன்மையைப் பேசிவிட்டு, கற்பவர் கையில் அவர் கேட்ட ஆங்கிலத்தைக் கொடுக்காமல் விடுவது படித்த வர்க்கத்தின் சொகுசு. தன் பிள்ளையை ஆங்கிலவழிக்கு அனுப்பிவிட்டு மேடையில் தமிழ்வழி பேசுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இருமொழி என்றால் இரண்டு மொழியும்தான். ஆனால் அந்தக் குறைக்கு மருந்து கூடுதல் ஆசிரியர்களும் கூடுதல் நேரமும். அறங்காவலர்கள் கொடுத்தது 50 நிமிடம்.

6

நேரம் என்ற சொல் திரும்பத் திரும்ப வருவது தற்செயல் அல்ல. திறந்த சேர்க்கையின் ஆரம்ப ஆண்டுகளில் உள்ளே வந்த பெண்களை முப்பதாண்டு கழித்துத் தேடிப்பிடித்துப் பேசினார்கள், டேவிட் லவினும் பால் அட்டவெல்லும். முடிவுகள் 2007இல் வெளிவந்தன. அவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் ஏதாவதொரு பட்டத்தைப் பெற்றிருந்தார்கள். பிள்ளைப்பேறு, வேலை, பணமில்லாமை என்று விட்டுவிட்டு வந்து, பத்தாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களும் அதில் உண்டு. நான்காண்டு, ஆறாண்டு என்று அளவுகோலை வைத்தால் இவர்கள் 'தோற்றவர்கள்'. முப்பதாண்டு அளவுகோலில் பட்டதாரிகள். அவர்களுடைய பிள்ளைகளின் படிப்பும் மேம்பட்டிருந்தது. எந்தக் கடிகாரத்தைக் கொண்டு அளக்கிறோம் என்பதே தீர்ப்பை முன்கூட்டி எழுதிவிடுகிறது.

பணத்துக்கும் ஒரு கடிகாரம் உண்டு. கல்லூரி மாணவருக்கான மத்திய அரசின் பெல் உதவித்தொகையை ஒருவர் வாழ்நாளில் இத்தனை பருவம்தான் வாங்கலாம் என்று வரம்பு இருக்கிறது. 2012இல் அது பதினெட்டுப் பருவத்திலிருந்து பன்னிரண்டாகக் குறைக்கப்பட்டது. பட்டத்துக்குக் கணக்கில் வராத ஆங்கில வகுப்புகளிலேயே இரண்டு மூன்று பருவத்தைச் செலவழித்தவர், பட்டப்படிப்பின் நடுவில் பணமின்றி நிற்பார். உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு அந்த உதவியே அதே ஆண்டு நிறுத்தப்பட்டது. 2014இன் இறுதியில் ஒரு பகுதியினருக்கு மட்டும் திரும்பி வந்தது.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1995இல் தொடங்கிய மொழி மூழ்கல் திட்டம், 'க்ளிப்', இந்தச் சிக்கலைப் புரிந்துகொண்டு உருவானது. இடம் கிடைத்த மாணவர் வாரம் 25 மணிநேரம், அதிகபட்சம் ஓராண்டு, குறைந்த கட்டணத்தில் ஆங்கிலம் படிக்கலாம். உதவித்தொகையைத் தொடவேண்டியதில்லை. பாடமும் பேருந்து நிறுத்தம் எங்கே என்று கேட்பதாக இல்லாமல், நூல் வாசிப்பு, விவாதம், கட்டுரை என்று கல்லூரி வேலையாகவே இருக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாரம் 25 மணிநேரத்தை யார் தர முடியும்? இரண்டு வேலை பார்க்கிற தாயால் முடியாது.

வாஷிங்டன் மாநிலம் 2004இல் சோதித்துப் பார்த்த 'ஐ-பெஸ்ட்' வேறு வழி. ஒரே வகுப்பறையில் இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் தொழிற்பாடம் நடத்துவார், மற்றவர் அதே பாடத்தின் ஆங்கிலத்தை. பட்டத்துக்கான கணக்கு முதல் நாளிலிருந்தே ஏறும். ஒற்றுமை மையத்திலும் ஹோஸ்டோஸிலும் கண்ட அதே தத்துவம்: மொழியும் அறிவும் ஒரே நேரத்தில். கலிஃபோர்னியா 2017இல் சட்டமே போட்டது. பட்டமோ மேற்படிப்போ வேண்டி ஆங்கிலம் கற்கும் சமூகக் கல்லூரி மாணவரை மூன்றாண்டுக்குள் கல்லூரித் தரத்து ஆங்கிலப் பாடத்துக்குக் கொண்டு சேர்க்க வழிசெய்ய வேண்டும் என்று காத்திருப்புக்கு ஓர் எல்லை குறித்தது.

இவற்றில் நம்பிக்கை வைக்கிறபோதே சந்தேகத்தையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஐ-பெஸ்ட் போன்ற வழிகள் பெரும்பாலும் மருத்துவமனை உதவியாளர், வெல்டர் போன்ற குறுகிய காலச் சான்றிதழ்களுக்கு இட்டுச் செல்கின்றன. சான்றிதழ் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அது வாடகை கொடுக்க உதவும். ஆனால் வரலாறு, தத்துவம், சட்டம், கவிதை இவையெல்லாம் 'அப்புறம்' என்று மீண்டும் தள்ளப்படுமானால், காத்திருப்பு அறை கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. தையல்காரப் பெண்கள் 1918இல் பொருளாதாரம் கேட்டார்கள் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

7

அறிவொளி இயக்க நாட்களில் பாவ்லோ ப்ரேயரைப் படித்த தோழர்கள், கற்பவரின் உலகத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அறிவார்கள். நியூயார்க் வரலாறு அதோடு இன்னொன்றைச் சேர்க்கிறது. கற்பவரின் உலகத்திலிருந்து தொடங்கினால் மட்டும் போதாது, அவர் எங்கே போகலாம் என்பதையும் யாரோ தீர்மானித்துவிடக் கூடாது. எழுத்தறிவோடு நிறுத்தப்பட்டவர்களும் பிழைப்பு ஆங்கிலத்தோடு நிறுத்தப்பட்டவர்களும் ஒரே வாசலில் நிற்கிறார்கள்.

ஆகவே, கல்லூரிக்குப் பாலம் போடுகிறோம் என்று யார் வந்தாலும் நாம் கேட்க வேண்டியவை நான்கு. இந்த வகுப்பில் செலவாகும் மணிநேரம் பட்டத்தின் கணக்கில் ஏறுமா, ஏறாதா? கற்பவர் ஏற்கெனவே அறிந்தவற்றை எந்த மொழியில் பேச அனுமதிக்கிறீர்கள்? 'போதுமான ஆங்கிலம்' என்பதை யார், எத்தனை நிமிடத்தில் அளக்கிறார்கள்? வகுப்பு நடக்கும்போது பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? கடைசிக் கேள்வியைக் கோட்பாட்டாளர்கள் சில்லறை விஷயமாக நினைக்கலாம். முப்பதாண்டு கழித்துப் பட்டம் பெற்ற பெண்களுக்கு அது சில்லறை விஷயமாக இருந்திருக்காது.